மெயில் பெட்டிக்கும் ஒரு பின்கோடு: ஜிமெயில் ஃபில்டர் போடப் புதிதாகக் கற்பவர்களுக்கு

சத்துவாச்சாரியில் கணக்கு எழுதும் என் சிறிய அலுவலகத்துக்குப் போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு கைலி வியாபாரி வந்தார். ஜிஎஸ்டி நோட்டீஸ் ஒன்று மெயிலில் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லித்தான் அவருக்கே தெரிந்திருக்கிறது. போனை என்னிடம் நீட்டினார். படிக்காத மெயில் மட்டும் 6,214. "இதுல எங்கம்மா தேடறது? துணிக்கடை, லோன் குடுக்கறேன்றவன், பையன் காலேஜு, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு கெடக்குது" என்றார். தேடல் பெட்டியில் இரண்டு சொல் தட்டியதும் நோட்டீஸ் வந்து நின்றது. பதில் சொல்ல முப்பது நாள் கெடு. அதில் பத்தொன்பது நாள் போய்விட்டிருந்தது.

அன்று மாலை அவரையே பக்கத்தில் உட்காரவைத்து மூன்று ஃபில்டர் போட்டுக் கொடுத்தேன். ஃபில்டர் என்றால், வரும் மெயிலைத் தானாகப் பிரித்து வைக்க நாம் சொல்லி வைக்கும் விதி. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதே வேலையை நீங்களே செய்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன். நம் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் வைத்திருப்பது ஜிமெயில் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

வடிகட்டியா, தபால் பிரிப்பா?

ஃபில்டரை வடிகட்டி என்று தமிழில் சொல்கிறோம். டீ வடிகட்டியை நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் தவறான இடத்தில் போய் நிற்போம். டீ வடிகட்டியில் மேலே தங்குவது சக்கை, அதைக் கொட்டிவிடலாம். மெயிலில் எது சக்கை என்று ஃபில்டருக்குத் தெரியாது. அது செய்வதெல்லாம் தபால் பிரிக்கும் வேலைதான்.

இந்தியாவில் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. ஆறு இலக்கத்தில் முதல் மூன்று தபால் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சல் நிலையத்தைக் காட்டும். வேலூர் 632 001, காட்பாடி 632 007, விஐடி வளாகம் 632 014. ஆம்பூர் 635 802, அதாவது வேறு கட்டு. பிரிப்பவர் கடிதத்தைத் திறந்து படிப்பதில்லை, எண்ணை மட்டும் பார்த்துக் கட்டில் போடுகிறார். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆம்பூர் திருப்பத்தூரோடு போனது. மாவட்டப் பெயர் மாறியும் பின்கோடு மாறவில்லை, தபாலும் வழி தவறவில்லை.

ஃபில்டருக்கும் இதே கதைதான். மெயிலின் மேலே தெரியும் அனுப்பியவர் பெயர் எப்போது வேண்டுமானாலும் மாறும். யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். அதன் பின்னால் 'அட்' குறியோடு இருக்கும் முகவரிதான் நமக்குப் பின்கோடு. ஃபில்டர் போடும்போது கூடியவரை முகவரியைப் பிடியுங்கள். பெயரையும் தலைப்பையும் அடுத்த துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஃபில்டர்: ரயில் டிக்கெட்

எளிதான ஒன்றில் கை பழகட்டும். காட்பாடியிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ அடிக்கடி போகிறவர்களிடம் ஐஆர்சிடிசி அனுப்பிய டிக்கெட் மெயில் நிறைய இருக்கும். அவற்றை 'ரயில்' என்ற பெயரில் சேர்த்து வைப்போம்.

இதற்குக் கணினி வேண்டும். ஜிமெயிலின் மொபைல் செயலியில் ஃபில்டர் உருவாக்கும் வசதி இல்லை. கணினி இல்லையென்றால் போனில் குரோம் பிரவுசரைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'டெஸ்க்டாப் சைட்' என்பதைத் தேர்ந்து ஜிமெயிலுக்குள் போகலாம். எழுத்து பொடியாகத் தெரியும், கண்ணுக்குச் சிரமம், ஆனால் வேலை நடக்கும். பிரவுசிங் சென்டருக்குப் போகிறவர்கள் இன்காக்னிட்டோ விண்டோவில், அதாவது பார்த்ததைப் பிரவுசர் சேமித்து வைக்காத தனி விண்டோவில் திறந்து, எழுந்து வரும்முன் மறக்காமல் லாக் அவுட் செய்துவிடுங்கள்.

மெயிலைத் திறந்ததும் மேலே நீளமான தேடல் பெட்டி இருக்கும். அதன் வலது ஓரத்தில், கோடுகளில் மணி கோத்ததுபோல ஒரு சிறு குறி. அதைத் தட்டினால் ஒரு படிவம் இறங்கும். யாரிடமிருந்து வந்தது என்பதற்கு 'ஃப்ரம்', யாருக்கு என்பதற்கு 'டு', தலைப்புக்கு 'சப்ஜெக்ட்', உள்ளே இருக்கவேண்டிய சொற்களுக்கு 'ஹேஸ் த வேர்ட்ஸ்', இருக்கக் கூடாத சொற்களுக்கு 'டஸன்ட் ஹேவ்'. அளவு, தேதி, இணைப்பு உள்ளதா என்பவை அதற்குக் கீழே. ஜிமெயிலைத் தமிழில் மாற்றி வைத்திருப்பவர்களுக்குப் பெயர்கள் தமிழில் தெரியும். இடம் மாறாது.

பழைய டிக்கெட் மெயில் ஒன்றைத் திறந்து, அனுப்பியவரின் முழு முகவரியைக் காப்பி செய்து 'ஃப்ரம்' கட்டத்தில் ஒட்டுங்கள். நினைவிலிருந்து தட்ட வேண்டாம். ஒரே நிறுவனம் டிக்கெட்டை ஒரு முகவரியிலிருந்தும் விளம்பரத்தை இன்னொரு முகவரியிலிருந்தும் அனுப்பலாம். நமக்கு டிக்கெட் முகவரிதான் வேண்டும்.

படிவத்தின் அடியில் இரண்டு பட்டன்கள்: 'கிரியேட் ஃபில்டர்', 'சர்ச்'. புதியவர்கள் நேராக முதல் பட்டனுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் முதலில் 'சர்ச்' தட்டுங்கள். ஃபில்டர் என்பது நிரந்தரமாக ஓடும் ஒரு தேடல்தான். தேடல் இப்போது எதைக் காட்டுகிறதோ அதைத்தான் ஃபில்டரும் நாளை பிடிக்கும். வந்த பட்டியலை இரண்டு பக்கமாவது பொறுமையாகப் பாருங்கள். சம்பந்தமில்லாதது வந்தால் நிபந்தனையை இறுக்குங்கள், வரவேண்டியது வராவிட்டால் தளர்த்துங்கள். சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. காட்பாடி சந்திப்பின் ரயில்வே குறியீடு கேபிடி. அந்த மூன்று ஆங்கில எழுத்துகளைத் தனியாகத் தேடிப் பார்த்தால் உங்கள் காட்பாடி டிக்கெட்டுகள் வரும். அவற்றில் ஏதாவது முந்தின பட்டியலில் இல்லையென்றால் இன்னொரு முகவரியும் இருக்கிறது என்று அர்த்தம்.

பட்டியல் திருப்தியாக இருந்தால் அதே குறியை மறுபடி தட்டி, படிவம் இறங்கியதும் 'கிரியேட் ஃபில்டர்' தட்டுங்கள். பிடித்த மெயிலை என்ன செய்யவேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். இப்போதைக்கு 'அப்ளை த லேபிள்' (மெயில்மேல் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டுவது) ஒன்றை மட்டும் டிக் செய்து, புது லேபிளுக்கு 'ரயில்' என்று பெயர் கொடுங்கள். லேபிள் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். அதே திரையில், ஏற்கெனவே வந்த மெயில்களுக்கும் சேர்த்துச் செய்யவா என்று கேட்கும் கட்டம் ஒன்று இருக்கும். அதையும் டிக் செய்துவிட்டு 'கிரியேட் ஃபில்டர்' கொடுத்தால், இதுவரை வந்த டிக்கெட்டுகள் எல்லாம் இடதுபக்கம் 'ரயில்' என்ற பெயரின் கீழ் நிற்கும்.

லேபிளைப் பழைய கோப்பு அலமாரிபோல நினைக்க வேண்டாம். காகிதம் ஒரு கோப்பில் இருந்தால் இன்னொன்றில் இருக்காது. ஒரு மெயிலுக்கு எத்தனை லேபிள் வேண்டுமானாலும் ஒட்டலாம். அலுவலகச் செலவில் போன பயணத்தின் டிக்கெட் 'ரயில்' கீழேயும் இருக்கும், 'செலவு' கீழேயும் இருக்கும்.

டெலிட்டைத் தொடும் முன்

இந்த ஒரு விஷயத்தை நான் நீட்டித்தான் சொல்வேன்.

என் அக்கா வீட்டு மெயிலில் கடை விளம்பரம் கொட்டிக்கொண்டிருந்தது. நான்தான் உட்கார்ந்து, 'ஆஃபர்' என்ற ஆங்கிலச் சொல் இருந்தால் டெலிட் என்று ஒரு ஃபில்டர் போட்டேன். இன்பாக்ஸ் பளிச்சென்று ஆனது. எல்லோருக்கும் சந்தோஷம். அந்த வருஷம் அக்கா மகளுக்குக் கேம்பஸில் வேலை கிடைத்தது. விண்ணப்பத்தில் அவள் கொடுத்திருந்தது வீட்டு மெயில் முகவரி. "கூடப் படிச்சவங்க எல்லாருக்கும் வந்துடுச்சு சித்தி, எனக்கு மட்டும் இன்னும் வரலை" என்று போனில் அழுதாள். வந்திருந்தது. வேலை உறுதிக் கடிதத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்பதை நான் யோசிக்கவே இல்லை. 'ஆஃபர் லெட்டர்' ட்ராஷில் கிடந்தது. ட்ராஷில் போனது 30 நாளில் தானாக அழியும். நாங்கள் கண்டுபிடித்தது இருபத்து மூன்றாம் நாள்.

அன்றிலிருந்து எந்த ஃபில்டரையும் மூன்று படியாகத்தான் போடுகிறேன், மற்றவர்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தருகிறேன். முதல் வாரம் லேபிள் மட்டும். மெயில் இன்பாக்ஸிலும் தெரியும், லேபிளும் ஒட்டியிருக்கும். ஒரு வாரம் பார்த்தால் எது தவறாக மாட்டுகிறது என்று கண்ணிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு, தேவைப்பட்டால் 'ஸ்கிப் த இன்பாக்ஸ்'. இதைத்தான் ஆர்க்கைவ் என்கிறார்கள். மெயில் இன்பாக்ஸில் நிற்காது, ஆனால் லேபிளிலும் 'ஆல் மெயில்' பகுதியிலும் பத்திரமாக இருக்கும், தேடினால் வரும். டெலிட் கடைசி. அதுவும் ஒரே ஒரு முகவரியை முழுதாகக் குறித்து, அதிலிருந்து எனக்கு என்றைக்கும் எதுவும் வேண்டாம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். ஒரு சொல்லை வைத்து டெலிட் ஃபில்டர் போடவே கூடாது.

விளம்பரத் தொல்லைக்கு ஃபில்டரைவிட நல்ல மருந்து ஒன்று இருக்கிறது. நீங்கள் உண்மையில் பொருள் வாங்கிய கடை அனுப்புகிறது என்றால், மெயிலைத் திறந்ததும் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயில் காட்டும் 'அன்சப்ஸ்கிரைப்' தட்டி வெளியே வந்துவிடுங்கள். யாரென்றே தெரியாதவர் அனுப்பியது என்றால் மெயிலுக்குள் இருக்கும் எந்த லிங்கையும் தொடாமல் ஸ்பேம் என்று குறியுங்கள். இரண்டுக்கும் அடங்காததற்கு மட்டும் ஃபில்டர் போட்டால் போதும்.

வங்கி, வரி, கல்லூரி

இவை கண்ணில் பட்டே ஆகவேண்டிய மெயில்கள். லேபிள் ஒட்டுங்கள், 'ஸ்டார் இட்' போடுங்கள், முக்கியம் என்று குறிக்கும் கட்டத்தையும் டிக் செய்யுங்கள். இன்பாக்ஸை விட்டு மட்டும் நகர்த்த வேண்டாம். இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. 'ஸ்கிப் த இன்பாக்ஸ்' போட்ட மெயிலுக்குப் போனில் மணி அடிக்காது. மணி அடிக்கவேண்டும் என்றால், ஆண்ட்ராய்டு செயலியின் செட்டிங்ஸில் உங்கள் கணக்கைத் திறந்து, லேபிள்களை நிர்வகிக்கும் பகுதியில் அந்த லேபிளுக்குத் தனியாக அறிவிப்பை இயக்கவேண்டும். அந்தச் சுற்றுவழி எதற்கு, இன்பாக்ஸிலேயே இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிற வியாபாரிகளுக்கு 11, 20 என்ற தேதிகள் மனப்பாடம். ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20. அந்தத் தேதிகளை ஒட்டி வரும் நினைவூட்டலோடு நோட்டீஸும் கலந்து வந்தால் கவனம் தப்பிவிடும். குடியாத்தத்துக்காரருக்கு 'வரி' என்று ஒரு லேபிளும், அதன் உள்ளே 'நோட்டீஸ்' என்று ஒரு உள்லேபிளும் வைத்தோம். உள்லேபிளுக்கான ஃபில்டரில் அதே முகவரியோடு தலைப்பில் நோட்டீஸ் என்ற ஆங்கிலச் சொல்லும் இருக்கவேண்டும் என்று சேர்த்தோம். லேபிள் பெயருக்குப் பக்கத்து மூன்று புள்ளியைத் தட்டி அதற்குச் சிவப்பு நிறமும் கொடுத்தோம். "இப்போ செவப்பைப் பாத்தா போதும்" என்றார்.

வங்கி ஃபில்டரில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, வங்கிகள் தங்கள் இணைய முகவரியை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிவதாக மாற்றவேண்டும் என ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு வைத்திருந்தது. ஆகவே பழைய முகவரியை வைத்துப் போட்ட ஃபில்டர் இப்போது எதையும் பிடிக்காமல் சும்மா கிடக்கலாம். அண்மையில் வந்த மெயிலைத் திறந்து முகவரியை ஒப்பிட்டு, மாறியிருந்தால் புதியதையும் சேருங்கள். இரண்டாவது, 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்' என்ற கட்டம். 'பேங்க்' என்ற சொல்லுக்கு அதை டிக் செய்தால், ஸ்பேமில் விழவேண்டிய அத்தனை போலி வங்கி மெயிலுக்கும் நாமே கதவைத் திறந்து வைக்கிறோம். முழு முகவரிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். லேபிள் ஒட்டியிருப்பதாலேயே ஒரு மெயில் உண்மையான வங்கி மெயில் ஆகிவிடாது என்பதும் மனதில் இருக்கட்டும்.

பிள்ளையின் பள்ளி, கல்லூரிக்கு முகவரி கொடுக்கும்போதே பிரித்துவிட ஒரு வழி உண்டு. உங்கள் முகவரியில் 'அட்' குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டு, ஒட்டி ஏதாவது ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துக் கொடுங்கள். பள்ளிக்கு 'ஸ்கூல்', கடைக்கு 'ஷாப்' என்பதுபோல. மெயில் உங்கள் அதே பெட்டிக்குத்தான் வரும். ஃபில்டரில் 'டு' கட்டத்தில் அந்தக் கூட்டல் முகவரியைக் குறித்தால், அங்கிருந்து யார் எந்த முகவரியில் அனுப்பினாலும் மாட்டும். சில இணையப் படிவங்கள் கூட்டல் குறியை ஏற்காது. அங்கே வழக்கமான முகவரிதான்.

சொற்களைக் கோக்கும் முறை

இரண்டு மூன்று முகவரிகளை ஒரே ஃபில்டரில் அடக்க, நடுவில் 'ஆர்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் தட்டவேண்டும். சிறிய எழுத்தில் தட்டினால் அதையும் ஒரு சொல்லாக எடுத்துக்கொள்ளும். சொற்றொடர் அப்படியே வரவேண்டும் என்றால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி.

தமிழில் வரும் மெயில்களுக்கு ஃபில்டர் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஜிமெயில் முழுச் சொல்லைத் தேடும், சொல்லின் துண்டைத் தேடாது. நம் மொழியில் சொல் அப்படியே நிற்பது அபூர்வம், உருபு ஏறிக்கொண்டே இருக்கும். 'பள்ளி' என்று கொடுத்தால் 'பள்ளியில்', 'பள்ளிக்கு', 'பள்ளியின்' என்று வருபவை தப்பிப் போகலாம். வரக்கூடிய வடிவங்களை எல்லாம் 'ஆர்' போட்டுக் கோத்துவிடுங்கள், அல்லது முகவரியையே பிடியுங்கள்.

நீங்கள் போடாத ஃபில்டர்

ஆம்பூரில் ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் ஒரு யூனிட். கணக்கைப் பார்க்கப் போயிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பணம் வரவில்லை, பில் தொடர்பாக எதிர்த்தரப்பு அனுப்பிய மெயில் எதுவும் வரவில்லை என்று முதலாளி கவலையில் இருந்தார். "பாய், உங்க ஃபில்டர் பட்டியலை ஒரு தடவை பாக்கலாமா?" என்றேன். "நான் எங்கம்மா ஃபில்டர் போட்டேன்?" என்றார். வலது மேல்மூலைப் பல்சக்கரம், 'சீ ஆல் செட்டிங்ஸ்', அதில் 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்ட் அட்ரஸஸ்'. அங்கே ஒன்று இருந்தது. பில் என்பதற்கான ஆங்கிலச் சொல் இருந்தால் வேறொரு முகவரிக்கு ஃபார்வர்டு செய், இங்கே டெலிட் செய். யாரோ பாஸ்வேர்டைத் திருடி உள்ளே வந்து, சத்தமில்லாமல் அதை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மெயிலுக்குள் புகுந்தவர்கள் வழக்கமாகச் செய்வது இது. பணம் தொடர்பான மெயிலை உங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டு, எதிர்த்தரப்புக்கு வேறு வங்கிக் கணக்கு எண்ணை உங்கள் பெயரில் அனுப்புவார்கள். ஆகவே இன்றைக்கே அந்தப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு வரியும் நீங்கள் போட்டதுதானா என்று பாருங்கள். 'ஃபார்வர்டிங்' என்ற தலைப்பு உள்ள பகுதியையும் பாருங்கள். தெரியாத முகவரி இருந்தால் முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அதை நீக்கி, பாஸ்வேர்டை மாற்றி, மற்ற சாதனங்களிலிருந்து கணக்கை வெளியேற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

அலுவலகத்தில் அவுட்லுக் பயன்படுத்துகிறவர்களுக்கு இதெல்லாம் 'ரூல்ஸ்' என்ற பெயரில் இருக்கும். முக்கிய வேறுபாடு ஒன்றுதான். அவுட்லுக்கில் விதிகள் மேலிருந்து கீழாக வரிசையாக ஓடும், ஒரு விதியோடு நிறுத்திக்கொள்ளவும் சொல்லலாம். ஜிமெயிலில் அந்த வரிசை கிடையாது, ஒரு மெயிலுக்குப் பொருந்தும் ஃபில்டர்கள் எல்லாமே அதன்மேல் வேலை செய்யும். அதனால் ஒரே மெயிலை ஒரு ஃபில்டர் இன்பாக்ஸில் வைக்கவும் இன்னொன்று அகற்றவும் சொல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஃபில்டர் போதும் இந்த வாரத்துக்கு: ரயில், வங்கி, இன்னொன்று உங்கள் தொழிலோ பிள்ளையின் படிப்போ. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொரு லேபிளையும் திறந்து, தவறாக வந்து விழுந்தது இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு ஸ்பேமையும் ட்ராஷையும் ஒருமுறை கீழ்வரை தள்ளிப் பார்த்துவிடுங்கள். என் அக்கா மகள் இப்போது வேலைக்குப் போய் சம்பளம் வாங்குகிறாள். அந்த வீட்டு மெயிலின் ட்ராஷை இன்றும் மாதம் இரண்டு முறை நான் திறந்து பார்க்கிறேன், முப்பது நாள் முடிவதற்குள்.